அவர் மலையில், நாங்கள் அல்சூரில்

என் கணவர் பட்டாளத்தில் ரோடு போடுகிற பிரிவில் இருந்தார். பட்டாளத்துக்காரர் என்றாலே துப்பாக்கியும் கையுமாக நிற்பவர் என்று நினைக்கிறவர்களுக்கு இது சப்பென்றுதான் இருக்கும். பாறைக்கு வெடி வைப்பது, மண் சரிந்தால் வாரிப் போடுவது, ஆற்றுக்குக் குறுக்கே இரும்புப் பாலம் பொருத்துவது, இதுதான் அவர்கள் வேலை. அறுபதுகளின் தொடக்கத்தில் வடகிழக்கு எல்லை மலைகளில் புதிதாக ரோடு போட ஆரம்பித்தபோது அவர் பிரிவை அங்கே அனுப்பினார்கள். பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிப் போக முடியாத இடம். அதனால் நானும் இரண்டு பிள்ளைகளும் பெங்களூரில், அல்சூரில், ஒரு வரிசை வீட்டில் இருந்தோம். ஐந்து வீடுகளுக்கு ஒரு குழாய், ஒரு முற்றம்.

பெரியவள் அப்போதுதான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருந்தாள். சின்னவன் சுவரைப் பிடித்து நடக்கிற பருவம். அப்பாவை 'நைனா' என்று கூப்பிடுவது எங்கள் வட ஆற்காட்டுப் பக்கத்து வழக்கம். பெரியவள் அப்படித்தான் கூப்பிட்டாள். சின்னவனுக்குப் பேச்சு வருவதற்குள் நைனா ரயிலேறிவிட்டார்.

கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் வண்டி புறப்படும்போது அவர் பிள்ளைகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் குரல் உடைந்துவிடும் என்று பயந்திருக்கலாம். "சைக்கிளுக்கு வாரத்துக்கு ஒருவாட்டி எண்ணெய் போடு. மழையில வுட்டுடாத" என்றார். கல்யாணத்துக்கு முன்னாலேயே ஆசைப்பட்டு வாங்கிய சைக்கிள் அது. பச்சை வண்ணம், உயரமான ஆண்கள் சைக்கிள். சரி என்று தலையாட்டினேன்.

முதல் சில மாதங்கள் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. நான் கோலார் தங்கவயலில் பிறந்தவள். அப்பா சுரங்கத்தில் இருந்தார். எந்த ஷிப்டில் போனாலும் திரும்பி வருவாரா என்று அம்மா யோசித்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை. அடுப்பைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். நானும் அப்படித்தான் இருந்தேன். காலையில் குழாயில் தண்ணீர் பிடிப்பது, பெரியவளுக்குத் தலை பின்னுவது, சின்னவனுக்கு ராகிக் கூழ் ஊட்டுவது, ரேஷன் கடையில் நிற்பது. பக்கத்து வீட்டில் ஒரு முஸ்லிம் அம்மா இருந்தார். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். அவர் வீட்டுக்காரருக்கு சிவாஜிநகர் மார்க்கெட்டில் கறிக்கடை. பிள்ளைகள் எல்லாம் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். வரிசையில் எல்லோரும் அவரை 'ஆபா' என்றுதான் கூப்பிடுவோம், அக்கா என்கிற மாதிரி. சின்னவன் பாதி நேரம் ஆபா வீட்டில்தான் கிடப்பான். அவன் பேசிய முதல் சொல் 'நக்கோ'. ஆபா வீட்டுப் பாஷையில் 'வேண்டாம்' என்று அர்த்தம். கூழைப் பார்த்தால் நக்கோ, சட்டையைப் பார்த்தால் நக்கோ.

அந்த வருஷ மழைக்காலத்தில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. எல்லாப் பிள்ளைக்கும் வருகிற காய்ச்சல்தானே என்று கஷாயம் கொடுத்தேன். காய்ச்சல் விட்டது. காலையில் பாயிலிருந்து தூக்கி நிறுத்தினேன். நிற்காமல் அப்படியே ஒரு பக்கமாகச் சரிந்தான். திரும்ப நிறுத்தினேன். திரும்பச் சரிந்தான். விளையாடுகிறான் என்று நினைத்து, "டேய், நில்லுடா" என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. இடது காலை அமுக்கிப் பார்த்தேன். ஈரத் துணி மாதிரி என் கையில் கிடந்தது.

ஆபாவைக் கூப்பிட்டேன். அவர் வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இங்க நிக்காத அம்மா. ஜட்கா வண்டி கூப்புடு. பெரிய பொண்ண நான் பாத்துக்குவேன்" என்றார்.

சிவாஜிநகர் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பார்த்ததுமே இளம்பிள்ளை வாதம் என்று சொல்லிவிட்டார். இன்னொரு காலும் கையும் தப்பியது நல்லது என்றார். அதை நல்லது என்று எடுத்துக்கொள்ள எனக்குக் கொஞ்ச காலம் ஆயிற்று. சில வாரம் அங்கேயே இருந்தோம். கம்பளித் துணியை வெந்நீரில் பிழிந்து காலைச் சுற்றுவார்கள். அவன் கத்துவான். வார்டு முழுக்க அவன் மாதிரிக் குழந்தைகள். ஒருவன் ஆரம்பித்தால் எல்லோரும் சேர்ந்து கத்துவார்கள். பெரியவளை அந்த வார்டுக்குள் விடவில்லை. சாயங்காலம் ஆபா அவளைக் கூட்டிவந்து வெளியே புங்க மரத்தடியில் நிறுத்துவார். நான் ஜன்னலில் நின்று கையாட்டுவேன். அவள் கையாட்டாமல் என்னையே பார்ப்பாள். யார் தலை பின்னிவிட்டார்கள் என்று பின்னலைப் பார்த்தாலே தெரியும். ஆபா நெற்றி இழுபட இறுக்கிப் பின்னுவார்.

என் கணவருக்குக் கடிதம் எழுதினேன். அப்போது கடிதம் மலைக்குப் போய்ச் சேரவே காலம் பிடிக்கும். பதில் வந்தபோது நாங்கள் வீடு திரும்பியிருந்தோம். லீவு கேட்டேன், இப்போது யாருக்கும் இல்லை என்கிறார்கள் என்று எழுதியிருந்தார். கடைசியில், "எந்தக் கால்?" என்று கேட்டிருந்தார். நான் எழுத மறந்திருந்தேன். அத்தனை நாள் அந்த மலையில் அவர் எந்தக் கால் என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார். அதைப் படித்துவிட்டு நான் அழுதேன். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் அழுதேன் என்று நினைக்கிறேன்.

விஷயம் தெரிந்து அவருடைய அண்ணன் ஊரிலிருந்து வந்தார். குடியாத்தம் பக்கம் அவர்கள் ஊர். ஒரு பாட்டிலில் மூலிகை எண்ணெயும் ஒரு மூட்டை வேர்க்கடலையும் கொண்டுவந்தார்.

"பொட்டியக் கட்டும்மா. ஊருக்குப் போலாம். அங்க ஒரு வைத்தியர் இருக்காரு, இந்த மாதிரி எத்தினியோ கொழந்தைய எழுப்பி நிறுத்தியிருக்காரு" என்றார்.

"வாரத்துக்கு ரெண்டுவாட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவரச் சொல்லியிருக்காங்க மாமா. நிறுத்தினா காலு கோணிப் போயிடுமாம்."

"தனியா ஒரு பொம்பள ரெண்டு புள்ளய வெச்சிக்கினு இன்னா பண்ணுவ? நாளைக்குத் தம்பி வந்து கேட்டா நான்தான பதில் சொல்லணும்?"

"அவரு கேட்டா நான் சொல்லிக்கிறேன் மாமா."

அவருக்குக் கோபம். அன்றைக்கே கிளம்பிவிட்டார். ஆனால் வேர்க்கடலை மூட்டையைத் திரும்ப எடுத்துப் போகவில்லை. போகும்போது பெரியவள் தலையில் கையை வைத்து, "பெரியப்பாவுக்கு ஒரு கார்டு போடு" என்றார். நல்ல மனுஷர். எண்ணெயை எடுத்து வைத்துக்கொண்டேன், ஆஸ்பத்திரியில் சொன்ன மாதிரி காலை நீவுவதற்கு அதுவும் உதவிற்று.

வாரத்துக்கு இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குப் போவது சொல்வதற்கு எளிது. பையனுக்குக் காலை நேராக நிறுத்த மட்டை வைத்துக் கட்டியிருந்தார்கள். அந்தக் கால் மடங்காது. இடுப்பில் தூக்கினால் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். பஸ்ஸில் ஏறினால் ஆட்கள் மேல் இடிக்கும், ஆட்கள் அதன் மேல் இடிப்பார்கள். காலை உள்ளே வைத்துக்கொள் அம்மா என்று கண்டக்டர் கன்னடத்தில் கெஞ்சுவார். உள்ளே எங்கே வைப்பது? ஜட்கா ஒவ்வொரு தடவையும் கட்டுப்படியாகாது. சில நாள் தூக்கிக்கொண்டே நடந்தேன். ஒரு முறை வழியில் முதுகு பிடித்துக்கொண்டு, ஒரு பழக்கடை வாசலில் அவனை இறக்கி வைத்துவிட்டு நிமிர முடியாமல் நின்றேன். அப்போது ஒரு வெள்ளைக்காரி மாதிரி கவுன் போட்ட ஆங்கிலோ இந்தியப் பெண் என்னைத் தாண்டி சைக்கிளில் போனாள். பின்னால் கேரியரில் ஒரு பெரிய கூடை. கூடைக்குள் காய்கறி. எனக்கு அந்தக் கூடையில் என் பையன் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றியது.

வீட்டில் அவருடைய சைக்கிள் சாக்கு போர்த்தி நின்றது. ஆனால் அதில் குறுக்கே கம்பி. புடவை கட்டியவள் அதில் ஏற முடியாது. இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் சாக்கை எடுத்துவிட்டு, துடைத்து, எண்ணெய் போட்டு, சிவாஜிநகர் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனேன். ஆபா சின்னவனைத் தூக்கிக்கொண்டு கூட வந்தார். சைக்கிள் கடைக்காரர் என் கணவருக்குத் தெரிந்தவர். இதை எடுத்துக்கொண்டு ஒரு லேடீஸ் சைக்கிள், பழசானாலும் பரவாயில்லை, கொடுங்கள் என்றேன். அவர் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"அண்ணன் இத உசுரா வெச்சிருந்தாரே. வந்து கேட்டா நான் இன்னாம்மா சொல்றது?"

"என்னக் கேக்கச் சொல்லுங்க."

கறுப்பு நிறத்தில் ஒன்றைக் கொடுத்தார். மணி நன்றாக அடித்தது. மற்றதெல்லாம் சுமார்தான்.

ஓட்டத் தெரியாது. அதுதான் அடுத்த விஷயம். அல்சூர் ஏரியை ஒட்டி ஒரு வெட்டவெளி இருந்தது. விடிந்ததும், தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, நானும் ஆபாவும் அங்கே போவோம். பிள்ளைகளைப் புல்லில் உட்கார வைத்துவிட்டு நான் சைக்கிளில் ஏறுவேன். ஆபா பர்தாவைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு பின்னால் கேரியரைப் பிடித்துக்கொள்வார். அவர் பிடித்தால் பிடித்ததுதான். ஆள் கனம். நான் எவ்வளவு மிதித்தாலும் வண்டி நகராது.

"ஆபா, வுடுங்க!"

"வுடமாட்டேன். விழுந்துடுவே."

"வுட்டாத்தான் போகும் ஆபா!"

"போறது நக்கோ அம்மா. மொதல்ல உக்காரக் கத்துக்கோ."

இப்படியே ஒரு வாரத்துக்கு மேல் போயிற்று. ஆபா வீட்டுக்கு மகள் வந்த அன்றைக்கு அவரால் வர முடியவில்லை. அன்றைக்குத் தனியாக ஓட்டினேன். கொஞ்ச தூரம் போய், எப்படி நிறுத்துவது என்று தெரியாமல், ஒரு மண் மேட்டில் ஏறி விழுந்தேன். பட்டாளத்துப் புது ரிக்ரூட்டுகள் அந்தப் பக்கம் தினமும் ஓட்டப் பயிற்சிக்கு வருவார்கள். ஒரு வரிசையே நின்று சிரித்தது. அவர்களை ஓட்டிவந்த ஹவில்தார், "முன்னால பாருங்கடா!" என்று ஒரு அதட்டுப் போட்டார். முழங்கையில் தோல் உரிந்திருந்தது. புல்லில் உட்கார்ந்திருந்த சின்னவன் கைதட்டினான். இன்னொரு முறை விழச் சொல்கிறான் என்று பெரியவள் விளக்கம் சொன்னாள்.

பிரம்புக் கடையில் ஒரு சின்ன நாற்காலி செய்யச் சொல்லிக் கேரியரில் கட்டினேன். நீட்டின கால் வைக்க ஒரு பலகையைத் தச்சர் பக்கவாட்டில் அடித்துக் கொடுத்தார். அந்தப் பலகையோடு சந்துகளில் திரும்பும்போது கொஞ்சம் அகலம் பார்த்துத் திரும்ப வேண்டும். ஆரம்பத்தில் தெருவே வேடிக்கை பார்த்தது. ஆண்கள் ஒதுங்கி வழிவிட்டது மரியாதையா பயமா தெரியாது. பெரியவளுக்குத்தான் மானம் போயிற்று. பள்ளிக்கூடத்தில் ஒருத்தி, "உங்கம்மா தந்தி கொண்டு போறவங்களா?" என்று கேட்டிருக்கிறாள். வீட்டுக்கு வந்து பையைத் தூக்கி எறிந்தாள்.

"ஸ்கூல் பக்கம் நீ சைக்கிள்ல வராத."

"சரி, வரல."

"காத்தால மட்டும் இல்ல, எப்பவுமே."

"சரி."

நான் வேறு தெரு வழியாகச் சுற்றிப் போனேன். அவள் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. ஆறு வயதில் அவளுக்கு வந்தவை போதும். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது பக்கத்து வீட்டில் தூங்கியிருக்கிறாள். தம்பி அழுதால் பால் ஆற்றிக் கொடுக்கக் கற்றிருந்தாள். ஒரு விஷயத்திலாவது அவள் இஷ்டப்படி நடக்கட்டும் என்று விட்டேன்.

ஆஸ்பத்திரியில் பயிற்சி அறையைப் பார்த்துக்கொண்டவர் ஒரு வயதான சிஸ்டர். ஆங்கிலோ இந்தியர். தமிழை அவர் இஷ்டத்துக்குப் பேசுவார். சின்னவனுக்கு இரும்புப் பட்டை வைத்த பூட்ஸ் போட்டு, இரண்டு பக்கமும் கம்பிகள் உள்ள ஒரு நடைபாதையில் அவனை நிறுத்துவார். கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு வர வேண்டும். விழுந்தால் யாரும் தொடக் கூடாது. "அவன் எந்திரிக்கணும், நீ எந்திரிக்காதே" என்பார் என்னைப் பார்த்து. வீட்டில் தினமும் காலையும் மாலையும் காலை நீட்டி மடக்கி இழுக்க வேண்டும். வலிக்கும். கத்துவான். நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டே இழுப்பேன். முடிந்ததும் ஒரு வெல்லத் துண்டு. கொஞ்ச நாளில் அவன் கத்துவதும் வெல்லத்துக்குக் கைநீட்டுவதும் ஒரே சமயத்தில் நடந்தது.

அடுத்த வருஷம் கோடையில் என் கணவர் லீவில் வந்தார். தகவல் வருவதற்கு முன்னால் ஆளே வந்துவிட்டார். நான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி முற்றத்துக்குள் சைக்கிளை உருட்டிக்கொண்டு வருகிறேன், ஆபா வீட்டு வாசலில் அவர் நாற்காலி போட்டு டீ குடித்துக்கொண்டிருக்கிறார். கறுத்து, இளைத்து, உதடெல்லாம் வெடித்து. நான் அப்படியே நின்றுவிட்டேன். அவர் எழுந்தார். முதலில் என்னைப் பார்த்தார், அப்புறம் பையனை, அப்புறம் சைக்கிளை.

"நீ சைக்கிள் ஓட்டறன்னு இங்க பயிற்சி முடிச்சி மலைக்கு வந்த பசங்க சொன்னாங்க. இது யாரு சைக்கிள்?"

"உங்களதுதான்."

"என்னுது பச்சை."

"அதக் குடுத்துட்டு இத வாங்கிட்டேன்."

ஆபா டீ டம்ளரை வாங்கிக்கொண்டு மெதுவாக உள்ளே போய்விட்டார். அவர் சைக்கிள் பக்கத்தில் வந்தார். பிரம்பு நாற்காலியைத் தொட்டுப் பார்த்தார், பலகையை ஆட்டிப் பார்த்தார். "பலகைக்கு ஆணி பத்தாது. போல்ட் போடணும்" என்றார். சைக்கிளைப் பற்றி அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் போல்ட் வாங்கிவந்து மாட்டினார்.

சின்னவன் அவரிடம் இரண்டு நாள் போகவில்லை. அதற்கப்புறம் ஒட்டிக்கொண்டான். அங்கேதான் தொல்லை ஆரம்பித்தது. அவர் பையனைத் தரையில் விடவே இல்லை. குளிக்கத் தூக்கிக்கொண்டு போவார். கடைக்குத் தோளில். ஏரிக்கு மார்பில். பூட்ஸைக் கழற்றி வைத்துவிடுவார், கனமாக இருக்கிறதாம். நான் காலை இழுக்க உட்கார்ந்தால், பையன் நைனாவைப் பார்த்து ஓலமிடுவான். அவர் வந்து என் கையைத் தள்ளிவிடுவார்.

"அழுவுறான் வுடு."

"அழுதாலும் செய்யணும்ங்க."

"ஒரு நாள் செய்யலன்னா ஒண்ணும் ஆயிடாது."

ஒரு நாள் என்பது பல நாளாயிற்று. மலையைப் பிளக்கிற மனுஷர் ஒரு பிள்ளையின் காலைப் பிடித்து இழுப்பதைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அது புரிந்தது. ஆனால் கம்பியைப் பிடித்து நாலு எட்டு வந்துகொண்டிருந்த பையன், இப்போது நிறுத்தினால் உட்கார்ந்துவிடுகிறான். இரண்டு கையையும் தூக்கி, "தூக்கு" என்கிறான். ஒரு சாயங்காலம் அவர் அவனைத் தோளில் வைத்துக்கொண்டு வெளியே கிளம்பும்போது நான் வாசலில் மறித்து நின்றேன்.

"எறக்கி வுடுங்க."

"இன்னா?"

"எறக்கி வுடுங்க. நடக்கட்டும்."

"கால் இல்லாத புள்ளய நடக்கச் சொல்றியே, மனசு இருக்குதா உனக்கு?"

"கால் இருக்குது. பலம்தான் இல்ல. தூக்கினே இருந்தா அதுவும் வராது."

"நான் இல்லாதப்ப உன் இஷ்டத்துக்கு வளத்த. நான் இருக்கறப்ப என் புள்ளய நான் தூக்குவேன்."

"நீங்க இருக்கப் போறது இன்னும் கொஞ்ச நாளுதான். அப்பால அவன யாரு தூக்கறது?"

சொன்னபிறகுதான் அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று எனக்கே தெரிந்தது. வரிசையில் எல்லா வீட்டிலும் சத்தம் நின்றுபோயிருந்தது. பெரியவள் ஆபா வீட்டு வாசலிலிருந்து என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் பையனை இறக்கவில்லை. வெளியேயும் போகவில்லை. உள்ளே வந்து பாயில் உட்கார்ந்து அவனை மடியில் வைத்துக்கொண்டார். சாப்பாடு போட்டேன், சாப்பிட்டார்.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது, "நானும் வரேன்" என்றார். சைக்கிளை அவர் ஓட்டவில்லை. நான் ஓட்ட, அவர் கூடவே வேகமாக நடந்து வந்தார். பயிற்சி அறையில் அன்றைக்கு ஏழெட்டுக் குழந்தைகள். ஒரு பெண் குழந்தைக்கு இரண்டு காலும் போயிருந்தது. அது கைகளால் கம்பியைப் பிடித்து, உடம்பை ஊஞ்சல் மாதிரி வீசி வீசி முன்னால் போயிற்று. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். சிஸ்டர் அவரைக் கூப்பிட்டு, நடைபாதையின் கடைசியில் நிற்க வைத்தார்.

"நீ அப்பாவா? இங்க நில்லு. அவன் உன்கிட்ட வருவான். கை பின்னால. தொடக் கூடாது. புரிஞ்சுதா?"

அவர் பழக்கத்தில் கால்களை அகட்டி, கைகளைப் பின்னால் கட்டி, மேலதிகாரி முன்னால் நிற்கிற மாதிரி நின்றார். சின்னவன் இந்தக் கோடியில் நின்று, "நைனா, தூக்கு" என்றான். அவர் அசையவில்லை. அவன் உட்கார்ந்தான், படுத்தான், உருண்டான், கத்தினான். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. அவருடைய பின்னால் கட்டிய கைகளை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஒரு கை மற்றதன் மணிக்கட்டை நெரித்துக்கொண்டிருந்தது. கடைசியில் பையன் அழுதபடியே கம்பியைப் பிடித்து எழுந்தான். ஒரு எட்டு, ஒரு விழுதல், இன்னொரு எட்டு. பாதி தூரத்தில் அழுகையை நிறுத்திவிட்டான், மூச்சு போதவில்லை. அவர் காலடிக்கு வந்து முழங்காலைக் கட்டிக்கொண்டதும் சிஸ்டர், "இப்ப தூக்கு" என்றார். தூக்கினார். முகத்தை அவன் சட்டையில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு இருந்த நாட்களில் காலையில் காலை இழுத்தவர் அவர்தான். என்னைவிட மெதுவாக, ஆனால் சரியாகச் செய்தார். வெல்லம் மட்டும் அதிகம் கொடுத்தார்.

திரும்பப் போய்ச் சில மாதங்களில், தீபாவளி சமயத்தில், எல்லையில் சண்டை வந்தது. அவர்கள் ரோடு போட்டுக்கொண்டிருந்த பக்கமே. கடிதம் நின்றுபோயிற்று. வரிசையில் ரேடியோ வைத்திருந்தது கடைசி வீடு மட்டும்தான். செய்தி நேரத்தில் எல்லோரும் அங்கே போய் நிற்பார்கள். நான் முதல் சில நாள் நின்றேன். எதிரி கையில் விழுந்த ஊர்களின் பேரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். ஒவ்வொரு பேரும் அவர் கடிதத்தில் எழுதினதா என்று யோசிப்பேன். அப்புறம் போகவில்லை. செய்தி நேரத்தில் சின்னவனுக்குக் காலை இழுத்தேன். சண்டை ஏற்பட்டதிலிருந்து பெரியவள் என்னை விட்டு நகரவில்லை. ஒரு நாள் தானாகவே வந்து, "ஸ்கூலுக்கு சைக்கிள்ல கொண்டுவுடு" என்றாள். எங்கே உட்காருவாய் என்றேன். தம்பியின் நாற்காலியில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். பள்ளிக்கூட வாசல் வரைக்கும் போனோம். இறங்கி, யாரையும் பார்க்காமல் நேராக உள்ளே போனாள். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான்.

அவர் அண்ணன் மறுபடி வந்தார். இந்த முறை ஊருக்கு வா என்று சொல்லவில்லை. தகவல் வருகிற வரைக்கும் எங்களோடு தங்கினார். ரேஷன் கடையில் நின்றார், ஆஸ்பத்திரிக்குக் கூட வந்து பையனைக் கம்பி பிடித்து நடக்க வைத்தார். பேச்சு அதிகம் இல்லை. நான் குழாயடிக்குப் போனால் குடத்தை வாங்கிக்கொள்வார். நான் அதுவரை அவரிடம் ஒரு நாளும் குடம் கொடுத்ததில்லை.

சண்டை நின்று பல நாள் கழித்துத்தான் என் கணவரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. அவரும் கூட இருந்தவர்களும் காட்டு வழியாக நடந்தே சமவெளிக்கு இறங்கியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், பயமில்லை என்று இரண்டு வரி. கையெழுத்து அவருடையதுதானா என்று அண்ணன் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருடையதுதான். நான் அன்றைக்குச் சோறு வடித்து, குழம்பு வைத்து, இரண்டு பிள்ளைகளுக்கும் தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினேன். ஆபா வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. அதனால் குழம்பு மறுநாளுக்கு ஆயிற்று.

அந்த நடையைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. கேட்டால், "நடந்தோம்" என்பார். கொஞ்ச காலம் கழித்து பெங்களூரிலேயே புது ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலை கிடைத்தது. வீட்டோடு இருந்தார். அது எல்லோருக்கும் புதிதாக இருந்தது. எந்தப் பிள்ளை எதைச் சாப்பிடும், எதற்கு அழும் என்று அவருக்குத் தெரியாது. பெரியவளை அவர் ஏதாவது சொன்னால் அவள் என் முகத்தைப் பார்ப்பாள். நான் தலையாட்டினால் செய்வாள். அவருக்கு அது வலித்தது, ஆனால் சொல்லவில்லை. நான் அந்த நேரத்தில் அடுப்படிக்குப் போய்விடக் கற்றுக்கொண்டேன். பார்க்க என் முகம் இல்லையென்றால் அவரைத்தான் பார்க்க வேண்டும். அது சரியாவதற்கு ஒரு வருஷத்துக்கு மேலேயே ஆயிற்று. சின்னவன் ஐந்து வயதில் பூட்ஸோடு தனியாக நடந்தான். இப்போதும் கொஞ்சம் சாய்ந்துதான் நடப்பான். சட்டை தைத்தால் ஒரு தோள் ஏறி நிற்கும்.

மூன்றாவதாக ஒரு பெண் பிறந்தாள். அவள் பிறந்தபோதுதான் முதல் தடவையாக அவர் வீட்டில் இருந்தார். முதல் இரண்டையும் லீவுக்கு லீவு பார்த்தவர், ஒரு குழந்தை நாளுக்கு நாள் மாறுவதைக் கண்டதே இல்லை. நான் சமைத்துக்கொண்டிருப்பேன். "இந்தா, சீக்கிரம் வா, சீக்கிரம் வா!" என்று கத்துவார். என்னவோ ஏதோ என்று ஓடினால், குழந்தை குப்புறப் படுத்திருக்கும்.

"திரும்பிக்கிச்சு பாரு, தானே திரும்பிக்கிச்சு!"

"எல்லாப் புள்ளையும் திரும்பும்ங்க" என்பேன். ஆனாலும் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருவேன். அவர் குழந்தையை மல்லாக்கப் போட்டு, அது மறுபடி திரும்புகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்.